காலு வேகுமா?

ஐம்பது வயசு வரைக்கும் தபால்காரர் மஞ்சள் தடவிய கவர்களாகக் கொண்டுவந்து கொடுத்தார். அறுபதைத் தாண்டியதும் கறுப்பு பார்டர் போட்ட கார்டுகள் வர ஆரம்பித்தன. இப்போது அந்தக் கார்டும் போச்சு. வாட்ஸப்பில் ஒரு போட்டோ. கீழே கைகூப்பும் பொம்மை. அதற்கும் கீழே முப்பது பேர் வரிசையாக 'ஆர்.ஐ.பி.' எழுதியிருப்பார்கள். முப்பத்தோராவது ஆசாமி அவசரத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருப்பார்.

போன வருஷம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை விடிகாலை, எங்கள் சித்தப்பா போன சேதி அப்படித்தான் வந்தது. மரக்காணத்திலிருந்து.

"முட்டிவலியோட நீங்க போய்த்தான் ஆகணுமா? பதினாறாம் நாளுக்குப் போனா போதாதா?" என்றாள் என் மனைவி.

"இன்னிக்கே போகணும். சித்தப்பா காலைப் பார்க்கணும்."

"கால்ல விழுந்து கும்பிடவா?"

"இல்லை. வேகுதான்னு பார்க்கணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ராத்திரி பி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

மாத்திரை போட்டிருந்தேன். விஷயம் வேறு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

* * *

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி போகிறவர்கள் பாதித் தூக்கத்தில் கண் திறந்தால் ஒரு இடத்தில் திடீரென்று கண் கூசும். ரெண்டு பக்கமும் கண்ணாடி பதித்த மாதிரி தண்ணீர்ப் பாத்திகள், ஓரமாக வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். "பாண்டி வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுவோம். அதுதான் மரக்காணம். 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆந்திராவில் காக்கிநாடா பக்கம் புறப்படுகிற பக்கிங்காம் கால்வாய், தெற்கே வந்து மூச்சுவாங்கி நிற்பதும் இந்தப் பக்கம்தான். அந்தக் காலத்தில் இதில் படகு விட்டு மெட்ராஸுக்கு இரண்டு சரக்கு கொண்டுபோனார்கள். ஒன்று உப்பு. இன்னொன்று விறகு. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என் அப்பா பத்தாவது பாஸ் பண்ணி மெட்ராஸ் வந்து குமாஸ்தா ஆனார். தம்பி, அதாவது எங்கள் சித்தப்பா, பத்து வயசிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு உப்பளத்தில் இறங்கினார். தை பிறந்தால் பாத்தி மிதிப்பது. தரை கெட்டிப்படணும், இல்லாவிட்டால் உப்பில் சேறு ஏறும். அப்புறம் தண்ணீர் கட்டி, வெயிலில் காயவிட்டு, பலகையால் வாரி, வரப்பில் குவித்து, கூடையில் சுமந்து, அம்பாரம் போட்டு, மழைக்கு முன்னால் கீற்று போட்டு மூடி... ஐப்பசி மழை வந்தால் வேலை கிடையாது. கடன் வாங்கிச் சாப்பாடு. மறுபடி தை.

இப்படி ஐம்பத்தைந்து வருஷம். செருப்பு இல்லாமல்.

அந்தக் காலைப் பார்த்திருக்கிறீர்களா? நம் வீட்டுப் பழைய மரப்பெட்டியில் அடிப்பாகம் வெடித்திருக்குமே, அந்த மாதிரி இருக்கும். வெடிப்புக்குள் உப்பு போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, "வெட்டுக் கத்திக்குக்கூட எண்ணெ போடணும்டா, இது காலு" என்பார். எண்பத்திரண்டு வயசிலும் அவருக்கு ஜோக் வற்றவில்லை. எங்கள் குடும்பத்தில் ஹாஸ்யம் எழுதுகிறவன் நான் என்று பேர். பேசினவர் அவர்தான்.

* * *

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்குப் போயிருந்தேன். திண்ணையில் சித்தப்பா, சித்தி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் எதிரே உட்கார்ந்தால் ஏதாவது தகவல் சொல்லிவிட வேண்டும். சொன்னேன்.

"குஜராத்துல கட்ச்ன்னு ஒரு இடம். அங்க ரான்னு சொல்ற உப்புப் பாலைவனம். அகரியான்னு ஒரு ஜனங்க. வருஷத்துல எட்டு மாசம் அங்கேயே குடிசை போட்டு உப்பு எடுக்கறாங்க. அவங்க செத்தா என்ன ஆகும் தெரியுமா? உடம்பு முழுக்க வெந்துடும், கால் மட்டும் வேகாதாம்! உப்புல நின்னு நின்னு அப்படி இறுகிப் போயிடுமாம். அந்தக் காலை மட்டும் எடுத்துத் தனியா குழி தோண்டி, உப்பு போட்டுப் புதைப்பாங்களாம்!"

பேரப்பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு ஏக திருப்தி. சித்தப்பா சிரித்தார். "அட, அப்பிடியா!" என்றார். ஆனால் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அதை நான் கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

அப்புறம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில், பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"டேய் பெரியவனே. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் பசங்களுக்குச் சொன்னா சிரிப்பானுங்க. நான் போனா நீ வரணும். காடாத்துக்கும் இருக்கணும். என் காலு வெந்துச்சான்னு நீ பாக்கணும். வேவலன்னா, நாய் நரி இழுக்காம, ஒரு குழி தோண்டி உப்பு போட்டு மூடிடு. அளத்துலயே அலையறமாதிரி ஆயிடக்கூடாதுடா. இருந்த வரைக்கும் அங்க நின்னது போதும்."

சிரிக்காமல் சொன்னார். அவர் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் பொழுதுபோக்குக்குச் சொன்ன ஒரு துணுக்கு, ஒரு கிழவர் மனசில் ஐந்தாறு வருஷமாக முள் மாதிரி கிடந்திருக்கிறது. பத்திரிகையில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று பெட்டி கட்டிப் போடுகிறோமே... படிக்கிறவர்களில் யாருக்காவது அது தன் காலாக இருக்கலாம் என்று நாம் நினைப்பதே இல்லை.

* * *

நான் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் கண்ணாடிப் பெட்டி. வாழ்நாள் பூரா வெயிலில் வெந்த மனுஷனை ஏ.சி.யில் படுக்க வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் பென் டிரைவ் ஒப்பாரி. பிள்ளைகள் திண்டிவனத்திலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த செட்டாம். ஆறு பாட்டு முடிந்ததும் மறுபடி முதல் பாட்டு. நடுநடுவே சவுண்டு சர்வீஸின் போன் நம்பர்!

ஆனால் பன்னிரண்டு மணி வாக்கில் கூனிமேடு பக்கத்திலிருந்து ஒரு கிழவி வந்தாள். சித்தப்பாவோடு அந்தக் காலத்தில் ஒரே அளத்தில் உப்பு சுமந்தவளாம். வந்தவள் பெட்டியைப் பார்த்தாள், ஒலிபெருக்கியைப் பார்த்தாள், "அந்தச் சனியனை நிறுத்துங்கடா" என்றாள். நிறுத்தினார்கள். பெண்களைச் சுற்றி உட்கார வைத்து, தோளில் கை போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். அவர் சுமந்த கூடை, கொடுத்த வெற்றிலை, 2004 டிசம்பர் 26 சுனாமி அன்றைக்கு அவர் எந்த மேட்டில் ஏறி நின்று யார் யாரைக் கூவி அழைத்தார் என்பதுவரை, எல்லாம் பாட்டில் வந்தது. அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்த பேரன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

எனக்கு அப்போது அயர்லாந்து ஞாபகம் வந்தது.

சிரிக்காதீர்கள். என் பெண் டப்ளினில் வேலை பார்க்கிறாள். மூன்று மாசம் போய் இருந்துவிட்டு வந்தேன். அப்போது பக்கத்து வீட்டுத் தாத்தா தவறிப்போனார். என் பெண்ணோடு நானும் துக்கம் விசாரிக்கப் போனேன். கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு எல்லாரும் பொம்மை மாதிரி நிற்பார்கள் என்று நினைத்துப் போனால், வீடு பூரா ஜனம்! கூடத்தில் பெட்டிக்குள் தாத்தா. சமையலறையில் டீயும் சாண்ட்விச்சும் மலைமலையாக. ஒரு மூலையில் அழுகை, இன்னொரு மூலையில் தாத்தா செய்த குறும்பையெல்லாம் சொல்லிச் சிரிப்பு. ராத்திரி பூரா பிணத்தைத் தனியே விடக்கூடாதாம், யாராவது முழித்துக்கொண்டு கூட இருக்க வேண்டுமாம். அட, நம்ம ஊர்!

பாட்டி என்னிடம் பழைய வழக்கமெல்லாம் சொன்னாள். உயிர் பிரிந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள், ஆத்மா வெளியே போக. கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். சாவு வரப்போகிற வீட்டுக்கு முன்கூட்டியே 'பான்ஷீ' என்று ஒரு பெண் உருவம் வந்து அழுமாம். "எங்க ஊர்ல அந்த வேலையை ஆந்தையும் நாயும் பார்த்துக்கும்" என்றேன். ஆத்மாவுக்கு வழி விடுகிற விஷயத்தில் நாம் அவர்களுக்கு ஒரு படி மேல். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதியில் ஆள் போனால் தனிஷ்டா பஞ்சமி என்று சொல்லி, வாசல் வழியாகப் பிணத்தை எடுக்காமல் சுவரையே இடித்து வழி பண்ணின குடும்பங்கள் உண்டு. ஜன்னல் எம்மாத்திரம்!

ஒப்பாரியும் அங்கே இருந்திருக்கிறது. 'கீனிங்' என்று பேர். கூலிக்கு மாரடிக்கிற பெண்கள்கூட இருந்தார்களாம், விஸ்கியும் காசும் வாங்கிக்கொண்டு. பாதிரிமார்கள் நூற்றாண்டுக் கணக்கில் கூடாது கூடாது என்று தடை போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் தடையால் போகவில்லை, நாகரிகத்தால் போயிற்று. ஜே.எம். சிங் என்ற நாடக ஆசிரியர் அரன் தீவுகளில் தங்கியிருந்தபோது கேட்ட ஒப்பாரியைத் தன் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். 1907-ல் வெளிவந்த புத்தகம். அவருடைய 1904 நாடகம் ஒன்றில், கடலில் மூழ்கிய பிள்ளையை அவன் காலுறையில் விட்டுப்போன பின்னல் கண்ணியை எண்ணித் தங்கை அடையாளம் கண்டுபிடிப்பாள். நம் கடலோரக் குப்பங்களில் இந்தக் கதையைச் சொன்னால் யாரும் அதை நாடகம் என்று நினைக்க மாட்டார்கள்.

பிணத்தைச் சுற்றி விளையாட்டுகூட இருந்ததாம். சீட்டாடுவார்கள், பிணத்தின் கையிலும் சீட்டைக் கொடுப்பார்கள். மண் சுங்கானில் புகையிலை போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். வாத நோயால் கூனிப்போன ஒருவரைக் கயிறு கட்டி நிமிர்த்திப் படுக்க வைத்திருந்தார்களாம். நடு ராத்திரியில் ஒரு போக்கிரி கயிற்றை அறுத்துவிட, பிணம் எழுந்து உட்கார, துக்கத்துக்கு வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்களாம்! பிணத்தின் மேல் விஸ்கி சிந்தி அது எழுந்துவிட்டதாக ஒரு பழைய பாட்டே உண்டு. அந்தப் பாட்டின் தலைப்பைத்தான் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1939-ல் தன் கடைசி நாவலுக்கு வைத்தார். (நான் அந்த நாவலை ஏழு பக்கம் படித்திருக்கிறேன். பிணம் எழுந்துவிடும், படிக்கிறவன் படுத்துவிடுவான்.)

இதெல்லாம் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்திலே பதினாறாம் நாள் கருமாதிக்கு விடிய விடிய தெருக்கூத்து வைப்பார்கள். கர்ண மோட்சம். கட்டியங்காரன் வந்து அடிக்கிற லூட்டிக்குத் தாலியறுத்தவள்கூட முந்தானைக்குள் சிரிப்பாள். விடியற்காலம் கர்ணன் சாகும்போது ஊரே அழும். நடந்து முடிந்த சாவுக்கு அழ வராதவன்கூடக் கர்ணனைச் சாக்கிட்டு அழுது தீர்ப்பான். எவனோ புத்திசாலிதான் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறான்.

* * *

விடைபெறும்போது டப்ளின் பாட்டி கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "உங்கள் ஊரில் பிணத்தின்மேல் உப்பு வைப்பார்களா?"

அங்கே அந்தக் காலத்தில் ஒரு தட்டில் உப்பு வைத்து இறந்தவர் மார்பின்மேல் வைப்பார்களாம். அயர்லாந்து மட்டுமில்லை, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லா இடத்திலும். 1769-ல் ஸ்காட்லாந்தைச் சுற்றிப் பார்த்த தாமஸ் பென்னன்ட், மரத்தட்டில் கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் உப்பும் ஒன்றோடொன்று கலக்காமல் வைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். மண் என்பது அழியும் உடம்பு. உப்பு என்பது அழியாத உயிர்.

நாமும் உப்பை விட்டோமா? சாமியார்களைச் சமாதி வைக்கும்போது குழியில் திருநீறும் உப்பும் கொட்டுவோம். சாதாரண சனங்களைப் புதைக்கும் குழியிலும் உப்பு விழும். திருஷ்டிக்கு உப்பு. புது வீட்டுக்கு முதலில் உப்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பழமொழி வேறு. உப்பிட்டவரைச் சொன்னோம். உப்பு எடுத்தவரைப் பற்றி ஒரு பழமொழியும் காணோம்!

* * *

மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, நெற்றியில் ஒற்றை ரூபாய் ஒட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றினதில் வெடிப்பெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். வாய்க்கரிசி போட்டோம். சனிப் பிணம் தனியாகப் போகாது என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். அது என்னை ஒரு பார்வை பார்த்தது. 'துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நீ போயேன்' என்ற மாதிரி. நியாயமான கேள்விதான்.

பறை முன்னே, பட்டாசு நடுவே, பொரியும் பூவும் வழி நெடுக. உப்பளத்து வரப்போரமாகத்தான் சுடுகாட்டுக்குப் போகிற பாதை. அம்பாரம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டு, தலைத்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை.

சுடுகாட்டில் வேலை பார்க்கிற பெரியவரை நாம் கூப்பிடுகிற பேரில் மரியாதை இல்லை. நான் "அண்ணே" என்றேன். அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் வேலிகாத்தான் கட்டை. மெதுவாகப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, ஒரு சந்தேகம். உப்பளத்துல வேலை செஞ்சவங்க காலு வேகாதுன்னு சொல்றாங்களே, நெசமா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கோழிக்குஞ்சு பார்த்த அதே பார்வை.

"யாரு சார் சொன்னது?"

"பேப்பர்ல..." என்று இழுத்தேன். 'நான்தான்' என்று சொல்ல வாய் வரவில்லை.

"எங்கப்பன் காலத்துலேருந்து இந்த வேல. அளத்து சனம் எத்தினியோ பேர எரிச்சிருக்கேன். உப்புக்காரன் காலு வேவாம என்னா? தோலு என்னா கெட்டியானாலும் நெருப்புக்கு முன்னால நிக்குமா?" கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டார். "இங்க பாருங்க. தீ நெஞ்சுலயும் வயித்துலயும்தான் நின்னு எரியும். காலு கடைசியில கெடக்குது. வெறகு கொறைச்சலா வாங்கிட்டு வந்தா அடுக்கு நீளம் பத்தாது. காலு வெளிய நீட்டிக்கும். கடக்காத்து வேற. அது எப்பிடி வேவும்? உள்ள தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டே இருக்கணும். வெறகு பத்தலைன்னா கலெக்டரு காலும் வேவாது சார்."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

ஒரு உடம்பு முழுசாக எரிய நானூறு, ஐநூறு கிலோ விறகு வேண்டும். கட்ச் பாலைவனத்தில் மரம் எங்கே இருக்கிறது? உப்பு எடுத்தே ஓடாய்ப்போன குடும்பம், அந்த விறகுக்குக் காசுக்கு எங்கே போகும்? வேகாமல் மிஞ்சின கால்களுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'உப்பில் நின்று நின்று கால் இரும்பாகிவிட்டது' என்று சொல்லும்போது கேட்பவனுக்குப் புல்லரிக்கிறது. 'விறகு வாங்கக் காசில்லை' என்று சொன்னால் யாருக்கும் புல்லரிக்காது. யாரும் பெட்டி கட்டியும் போட மாட்டார்கள்.

"இப்ப எவ்ளோ வெறகு அண்ணே?"

"முந்நூறு கிலோ எறக்கியிருக்காங்க."

தம்பியிடம் போகவில்லை. கேட்டால் சங்கடப்படுவான். கண்ணாடிப் பெட்டிக்கும் சவுண்டு சர்வீஸுக்கும் பட்டாசுக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்ததில் வாங்கியிருக்கிறான். எல்லாருக்கும் தெரிகிற செலவு முதலில், சாம்பலாகிற செலவு கடைசியில் என்பது உலக வழக்கம்தானே! நானே பெரியவர் கையில் பணத்தைக் கொடுத்தேன். "இன்னும் முந்நூறு போடுங்கண்ணே. கால் பக்கம் நீளமா அடுக்குங்க."

அவர் பணத்தை எண்ணவில்லை. "ரொம்ப வேண்டப்பட்டவரோ?" என்றார்.

கொள்ளிக்குடம் மூன்று சுற்று சுற்றி உடைந்தது. தம்பி திரும்பிப் பார்க்காமல் நடந்தான். எல்லாரும் அவன் பின்னால் போனார்கள். நான் மட்டும் கொஞ்சம் பின்தங்கி, வழக்கத்தை மீறி ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பெரியவர் நீளக் கழியோடு கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

* * *

மறுநாள் காடாத்து. பால், இளநீர், நவதானியம் எல்லாம் எடுத்துக்கொண்டு விடிகாலையில் போனோம். தண்ணீர் தெளித்துச் சாம்பலைக் கிளறினார் பெரியவர். தலைமாட்டிலிருந்து ஆரம்பித்து எலும்பைப் பொறுக்கிச் சட்டியில் போட்டுக்கொண்டே வந்தார். நான் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டேன். முட்டிவலி அப்போது தெரியவில்லை.

சாம்பல். வெள்ளைச் சாம்பல். அதில் சின்னச் சின்ன எலும்புகள், சோழி மாதிரி. எண்பத்திரண்டு வருஷத்தில், அதில் ஐம்பத்தைந்து வருஷம் அளத்தில் நின்ற கால், உள்ளங்கையளவுகூட மிஞ்சவில்லை. கையில் எடுத்துப் பார்த்தேன், கனமே இல்லை. பெரியவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

சட்டியைக் கடலில் கரைத்தோம். எந்தத் தண்ணீரைக் காயவைத்து உப்பெடுத்தாரோ அந்தத் தண்ணீரிலேயே போய்ச் சேர்ந்தார்.

திரும்பி வந்தபோது வீடு கழுவி விளக்கேற்றியிருந்தது. சித்தி மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த பெண்களை, "போயி அவனுக்கு காப்பி போட்டு எடுத்தாங்கடி" என்று விரட்டினாள். எல்லாரும் போன பிறகு, ரொம்ப மெதுவாக, "காலு?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கும் தெரியும்! ராத்திரி ராத்திரி விளக்கெண்ணெய் தடவிவிட்டவள் அவள்தானே.

"வெந்துடுச்சு சித்தி. சுத்தமா. நானே பார்த்தேன். அந்தக் கதையெல்லாம் பொய் சித்தி. நான் சொன்னது தப்பு."

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, புடவைக்குள் இழுத்து மறைத்து வைத்திருந்த தன் காலை மெல்ல வெளியே நீட்டினாள். முப்பது வருஷம் அதே அளத்தில் உப்பு சுமந்த கால். அதே வெடிப்பு. அதே கறுப்பு. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப... என் காலும் வெந்துடும் இல்லடா?"

பூவும் பொட்டும் எடுக்காத, துக்கம் ஒரு நாள்கூடப் பழகாத ஒரு மனுஷியிடம் இதற்கு என்ன பதில் சொல்வது? ஹாஸ்யம் எழுதுகிறவன், வார்த்தையே கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன்:

"வேகும் சித்தி. வெறகுக்கு நானாச்சு."

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முதல் நாளிலிருந்து அழுது வீங்கிய முகத்தில் பொக்கைவாய் திறந்து ஒரு சிரிப்பு வந்தது. "நீ மொதல்ல முட்டிவலியப் பாரு. எனக்கு முன்னால நீ போயிடப் போற!" என்றாள்.

சித்தப்பா விட்டுப்போன ஜோக், அங்கேயேதான் இருக்கிறது.

அயர்லாந்தில் துக்க வீட்டில், "உங்களுக்கு வந்த கஷ்டத்துக்கு வருந்துகிறேன்" என்று ஒரே வாக்கியத்தைத்தான் எல்லாரும் சொல்வார்களாம். நமக்கு அதுகூடக் கிடையாது. துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது. நான் காப்பியைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, முதல் தடவையாகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.